எஸ்பெராந்தோவில் உங்கள் வீட்டையும் ஊரையும் சொல்ல: தொடக்கநிலையாளருக்கான முழுமையான வழிகாட்டி

புது மொழி கற்பிக்கும் புத்தகங்கள் பெரும்பாலும் வணக்கம், நன்றி, ரயில் நிலையம் எங்கே என்றுதான் தொடங்குகின்றன. நான் வேறு இடத்தில் தொடங்கச் சொல்வேன். இவர் யார், இது எப்படிப்பட்டது, இது யாருடையது: இந்த மூன்றையும் சொல்லத் தெரிந்துவிட்டால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கண்ணில் படுவதையெல்லாம் பேசிப் பார்க்கலாம். பேச எதிராளி வேண்டியதில்லை, பயணச்சீட்டு வேண்டியதில்லை. இந்த வழிகாட்டி அந்த மூன்றை மட்டும் கற்றுத்தரும். எடுத்துக்காட்டுகள் எல்லாம் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தையும் அதைச் சுற்றியுள்ள பெரம்பலூர், அரியலூர் மண்ணையும் வைத்தே வரும். கற்பவர் தன் ஊரைச் சொல்லிப் பழகினால் சொல் மறக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

## எந்த மொழி, ஏன் அது?

மனிதர் திட்டமிட்டு உருவாக்கிய மொழி என்றதும் தமிழருக்கு உடனே நினைவுக்கு வருவது கிளிக்கி. 2015இல் வந்த 'பாகுபலி' படத்தில் காலகேயர்கள் பேசுவதற்காக மதன் கார்க்கி அமைத்த மொழி அது. 'மின்' என்றால் நான், 'நிம்' என்றால் நீ. ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றது. 2020 பிப்ரவரி 21ஆம் நாள், உலகத் தாய்மொழி நாளன்று, அதைக் கற்பதற்கென இணையதளமும் வந்தது. நம்மவர் ஒருவர் மொழி ஒன்றை வேரிலிருந்து கட்டினார் என்பது எனக்குப் பெருமைதான்.

ஆனால் மொழி கற்கிற ஒருவருக்குப் படிக்கக் கதையும், கடிதம் எழுத வெளியூர்த் தோழரும், சந்தேகம் கேட்க ஆசிரியரும் வேண்டும். அவை நிறைந்து கிடக்கும் ஆக்கமொழி எஸ்பெராந்தோ. அதை உருவாக்கியவர் லுத்விக் ஸாமென்ஹோஃப் என்ற கண் மருத்துவர். 1859இல், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான பியாவிஸ்தொக் நகரில் பிறந்தவர். ரஷ்யர், போலந்தியர், ஜெர்மானியர், யூதர் எல்லோரும் வாழ்ந்த ஊர் அது. ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாமல் பகை வளர்வதைப் பார்த்தே அவர் வளர்ந்தார். எல்லோருக்கும் இரண்டாம் மொழியாக இருக்கக்கூடிய, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மொழியை அமைத்து 1887இல் வார்சாவில் நூலாக வெளியிட்டார். நூலில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'டாக்டர் எஸ்பெராந்தோ', அதாவது நம்பிக்கை கொண்டவர். அதுவே மொழியின் பெயராகிவிட்டது. இலக்கணம் 16 விதிகளில் அடங்கும். யுனெஸ்கோ 1954இல் மொந்தெவிதேயோவில் கூடியபோது இம்மொழியின் பணியைப் பாராட்டித் தீர்மானம் போட்டது.

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசத் தயங்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். எஸ்பெராந்தோவில் விதிவிலக்கு இல்லை. விதியைப் பின்பற்றினால் வாக்கியம் சரியாகவே வரும். எந்தப் பள்ளியில் படித்தாய், எந்த ஊர் உச்சரிப்பு இது என்று கேட்பாரும் இல்லை.

## முதலில் ஒலிகள்

எஸ்பெராந்தோவுக்கு 28 எழுத்துகள். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி, ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து. எழுதியபடி படிக்கலாம். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும்.

நமக்கு வரும் பெரிய சிக்கல் க, த, ப. தமிழில் ஓர் எழுத்தே இடத்துக்கேற்ப வலித்தும் மெலிந்தும் ஒலிக்கும். எஸ்பெராந்தோவில் அவை தனித்தனி ஒலிகள், தனித்தனி எழுத்துகள். வடமொழிச் சுலோகப் புத்தகங்களில் எழுத்தின் அருகே 2, 3, 4 என்று சிற்றெண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். க என்றால் 'கல்'லில் வருவது, க³ என்றால் 'சங்கு'வில் வருவது. த என்றால் 'தங்கை', த³ என்றால் 'பந்து'. ப என்றால் 'பல்', ப³ என்றால் 'அம்பு'. ஸ³ என்று கண்டால் ஸ-வைத் தொண்டை அதிரச் சொல்லுங்கள்.

எண் இல்லாத எழுத்து சொல்லின் நடுவில் வந்தாலும் வலித்தே ஒலிக்க வேண்டும். இதில்தான் நம் நாக்கு வழுக்கும். 'ஃப்ராதோ' என்பதில் உள்ள தோ 'தோசை'யின் தோ. 'காம்போ' என்பதில் உள்ள போ 'போர்'இன் போ. வேறுபாடு அற்பமானதில்லை: தோ³மோ என்றால் வீடு, தோமோ என்றால் நூலின் ஒரு தொகுதி. ஒரு நாள் முழுக்க இந்த ஒலிகளுக்கே கொடுங்கள். பிறகு வருவது எளிது.

## படி 1: பொருளுக்குப் பெயர், பெயருக்குத் தன்மை

எஸ்பெராந்தோவில் எல்லாப் பெயர்ச்சொல்லும் ஓ-வில் முடியும். தோ³மோ வீடு, ஆர்போ³ மரம், ஷ்தோனோ கல், காம்போ வயல், தேரோ மண், லாகோ³ ஏரி, காப்ரோ ஆடு, போ³வீனோ பசு. பெரம்பலூர்ப் பக்கத்து வெள்ளாமையையும் சேர்த்துக்கொள்வோம்: கோதோனோ பருத்தி, மாஈஸோ³ மக்காச்சோளம், த்ஸேபோ வெங்காயம்.

தன்மையைச் சொல்லும் சொல் ஆ-வில் முடியும். க்³ராந்தா³ பெரிய, பே³லா அழகான, நோவா புதிய, ஆல்தா உயரமான, லோங்கா³ நீளமான, நீக்³ரா கறுப்பான, ரூஜா சிவப்பான, ப்³லான்கா வெள்ளையான.

இதில் தமிழருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. அழகு, அழகான, அழகாக என்று நாம் ஒரே சொல்லை மூன்றாக மாற்றுவோம் அல்லவா? எஸ்பெராந்தோவிலும் அதே ஏற்பாடு: பே³லோ, பே³லா, பே³லெ. ஓ பெயர், ஆ என்றால் 'ஆன', எ என்றால் 'ஆக'. வேறு மொழிக்காரர் மெனக்கெட்டு மனப்பாடம் செய்வதை நீங்கள் பிறந்ததிலிருந்து செய்துவருகிறீர்கள்.

இந்த மாற்றம் எல்லாச் சொல்லுக்கும் பொருந்தும் என்பதுதான் இந்த மொழியின் அழகு. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 18 மீட்டர் நீளம். 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்குத் தெரியப்படுத்தியது. அதை எஸ்பெராந்தோவில் எப்படிச் சொல்வது? ஷ்தோனோ கல். ஓ-வை ஆ ஆக்கினால் ஷ்தோனா, கல்லாலான. ஷ்தோனா ஆர்போ³. கல்மரம். அகராதியைப் புரட்டத் தேவையே வரவில்லை.

தன்மைச் சொல்லைப் பெயருக்கு முன்னால் வைப்பதே பொது வழக்கம், தமிழைப் போலவே. க்³ராந்தா³ தோ³மோ, பெரிய வீடு. நீக்³ரா தேரோ, கரிசல் மண். 'ஒரு வீடு' என்பதற்குத் தனிச்சொல் வேண்டாம், தோ³மோ போதும். பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த குறிப்பிட்ட வீடு என்றால் முன்னால் 'லா' சேர்க்க வேண்டும்: லா தோ³மோ. தமிழில் இதற்கு இணையான சொல் இல்லாததால் தொடக்கத்தில் விட்டுவிடுவீர்கள். பரவாயில்லை, பொருள் கெடாது.

## படி 2: 'எஸ்தாஸ்' இல்லாமல் வாக்கியம் இல்லை

'அவர் மருத்துவர்.' 'இது கல்.' தமிழில் இவை முழு வாக்கியங்கள். வினைச்சொல்லே கிடையாது. எஸ்பெராந்தோ இதற்கு இணங்காது. நடுவில் எஸ்தாஸ் வந்தே தீர வேண்டும்: லி எஸ்தாஸ் குராத்ஸீஸ்தோ, அவர் மருத்துவர். தமிழர் தொடக்கத்தில் செய்யும் பிழைகளில் முதலிடம் இந்த எஸ்தாஸை விழுங்குவதற்குத்தான். ஆகவே முதல் வாரம் எழுதும் ஒவ்வொரு வாக்கியத்திலும் அதன்மேல் விரல் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு புறம் எஸ்தாஸ் உங்கள் சுமையைக் குறைக்கவும் செய்கிறது. நான், நீ, அவள், அவர்கள் என்று எழுவாய் மாறினாலும் அது மாறாது. இருக்கிறேன், இருக்கிறாய், இருக்கிறாள், இருக்கின்றன எல்லாமே எஸ்தாஸ். 'எங்கள் ஊரில் ஏரி இருக்கிறது' என்பதற்கும் அதுவே.

மறுப்பதற்கு எஸ்தாஸுக்கு முன்னால் 'நெ'. தமிழில் அல்ல, இல்லை என இரண்டு மறுப்புகள் உண்டு. இங்கே ஒன்று போதும். குன்னத்தில் இதற்கு அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020இல் குன்னத்துக் குளம் ஒன்றிலிருந்து உருண்டையான பெரிய கற்கள் வெளிப்பட, டைனோசர் முட்டை கிடைத்துவிட்டது என்று தமிழ்நாடு முழுக்கச் செய்தி பரவியது. பார்த்தறிந்தவர்கள் அவை அம்மோனைட் படிவுகள் என்றார்கள். அம்மோனைட் என்பது சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரி. இந்த வட்டாரம் ஒருகாலத்தில் கடலடியாக இருந்தது. காரைப் பகுதியிலும் அந்தப் படிமங்கள் ஏராளம். அந்தச் செய்தி முழுவதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்:

ஜி நெ எஸ்தாஸ் ஓவோ. ஜி எஸ்தாஸ் ஷ்தோனோ.
(அது முட்டை அல்ல. அது கல்.)

செந்துறைக்குப் போனால் இந்த வாக்கியத்தை மாற்ற வேண்டியிருக்கும். அரியலூர் மாவட்டத்துச் செந்துறை அருகே 2009இல் சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் புதைபடிவமான டைனோசர் முட்டைகளைக் கூட்டம் கூட்டமாகக் கண்டெடுத்தார்கள். அங்கே 'நெ' தேவையில்லை.

## படி 3: மனிதர்களைச் சொல்ல

நான் மி, நீ வி, அவன் லி, அவள் ஷி, அது ஜி, நாம் நி, அவர்கள், அவை இரண்டுக்கும் ஈலி. இவ்வளவுதான். இந்தச் சிறு பட்டியலில் தமிழருக்கு மூன்று இடத்தில் உறுத்தும்.

முதலாவது மரியாதை. நீ, நீங்கள் இரண்டுக்கும் 'வி' ஒன்றே. பெரியவரையும் 'வி', குழந்தையையும் 'வி'. அவன், அவர் என்ற வேறுபாடும் கிடையாது. மாவட்ட ஆட்சியரும் 'லி'தான், பக்கத்து வீட்டுப் பையனும் 'லி'தான். கூச்சமாக இருக்கும். இந்த மொழியில் அது குறைவான மரியாதை ஆகாது என்பதை மனம் ஏற்கச் சில நாள் பிடிக்கும்.

இரண்டாவது, 'அவர்' என்று ஆண் பெண் சுட்டாமல் பேசும் வசதி. தமிழில் அது இயல்பாக இருக்கிறது. எஸ்பெராந்தோவில் முதலில் அது இல்லை. இப்போது சிலர் 'ரி' என்ற சொல்லை அதற்குப் பயன்படுத்துகிறார்கள், எல்லோரும் ஏற்றுக்கொண்டதில்லை. தொடக்கநிலையில் லி, ஷி போதும்.

மூன்றாவதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது: நாம், நாங்கள் என்ற வேறுபாடு இல்லை. கேட்பவரையும் சேர்த்து 'நம் ஊர்' என்பதும், அவரை விலக்கி 'எங்கள் ஊர்' என்பதும் தமிழில் எவ்வளவு பெரிய வேறுபாடு! எஸ்பெராந்தோவில் இரண்டுமே 'நி'. குறிப்பாகச் சொல்ல வேண்டுமென்றால் 'வி காய் மி', நீயும் நானும், என்று விரித்துச் சொல்லுங்கள். காய் என்றால் 'உம்' அல்லது 'மற்றும்'.

இனி உறவும் தொழிலும். பாத்ரோ அப்பா, ஃப்ராதோ உடன்பிறந்தான், ஃபீலோ மகன். இவற்றில் 'ஈன்' சேர்த்தால் பெண்பால்: பாத்ரீனோ அம்மா, ஃப்ராதீனோ உடன்பிறந்தாள், ஃபிலீனோ மகள். அம்மாவை அப்பாவிலிருந்து வருவிப்பது சரியா என்று எஸ்பெராந்தோக்காரர்களிடையே நீண்ட விவாதம் உண்டு. எனக்கும் அது பிடித்ததில்லை. ஆனாலும் வழக்கில் இருப்பதைத்தான் முதலில் கற்க வேண்டும்.

தொழிலுக்கு 'ஈஸ்த்' சேர்ப்பார்கள். ஃபார்மீஸ்தோ விவசாயி, குத்³ரீஸ்தோ தையல்காரர், வெந்தீ³ஸ்தோ விற்பனையாளர், குராத்ஸீஸ்தோ மருத்துவர்.

இதோ ஒரு வாக்கியம்: ஷி எஸ்தாஸ் ஃபார்மீஸ்தோ, காய் ஷி எஸ்தாஸ் ஃபோர்தா. அவள் விவசாயி, வலிமையானவள். தமிழில் 'வலிமையானவள்' என்று தன்மையையே ஆளாக்க வேண்டியிருக்கிறது. இங்கே ஃபோர்தா அப்படியே நிற்கும்.

## படி 4: ஒரு சொல்லில் இரண்டு

எதிர்ப்பதத்துக்கு முன்னால் 'மால்'. ஃபோர்தா வலிமையான, மால்ஃபோர்தா பலவீனமான. யூனா இளைய, மால்யூனா முதிய. நோவா புதிய, மால்நோவா பழைய. போ³னா நல்ல, மால்போ³னா கெட்ட. க்³ராந்தா³ பெரிய, மால்க்³ராந்தா³ சிறிய. அந்த முறையில் நம் சின்ன வெங்காயம் மால்க்³ராந்தா³ த்ஸேபோ. 'மிக' என்பதற்கு 'த்ரே': லா ஷ்தோனா ஆர்போ³ எஸ்தாஸ் த்ரே மால்நோவா. கல்மரம் மிகப் பழையது.

## படி 5: யாருடையது?

இந்த வழிகாட்டியின் நெஞ்சு இந்தப் பகுதி. அவசரப்படாமல் படியுங்கள்.

மி, வி, லி முதலிய சொற்களோடு ஆ சேர்த்தால் உடைமைச் சொல். மீயா என், வீயா உன், லீயா அவன், ஷீயா அவள், ஜீயா அதன், நீயா நம் அல்லது எங்கள், இலீயா அவர்கள் அல்லது அவற்றின். நீயா என்பது தமிழ்க் காதுக்கு 'நீயா?' என்று கேள்வி போல விழும். பொருளோ நேர் எதிர்ப்பக்கம், 'நம்முடைய'. மீயா தோ³மோ என் வீடு, ஷீயா காப்ரோ அவள் ஆடு, நீயா லாகோ³ நம் ஏரி. இவற்றுக்கு முன்னால் 'லா' வராது.

பெயர்ச்சொல்லோடு உடைமை சொல்ல 'தெ³'. இதில் வரிசை தலைகீழ். தமிழில் உடையவர் முன், உடைமை பின்: விவசாயியின் வயல். எஸ்பெராந்தோவில் உடைமை முன், உடையவர் பின்: லா காம்போ தெ³ லா ஃபார்மீஸ்தோ. நீளமான தொடர் வந்தால் குழம்பாமல் இருக்க ஒரே வழி, தமிழ்த் தொடரின் கடைசிச் சொல்லில் தொடங்கி முன்னோக்கி நடப்பது. 'என் அப்பாவின் தம்பியின் வீட்டின் கதவு' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கதவு, வீடு, தம்பி, அப்பா:

லா போர்தோ³ தெ³ லா தோ³மோ தெ³ லா ஃப்ராதோ தெ³ மீயா பாத்ரோ.

இங்கே தம்பிக்கும் ஃப்ராதோ, அண்ணனுக்கும் ஃப்ராதோ என்பதைக் கவனித்திருப்பீர்கள். தம்பி என்றே சொல்ல வேண்டுமானால் ப்லி யூனா ஃப்ராதோ, இன்னும் இளைய உடன்பிறந்தான். மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோருக்கும் ஓன்க்லோ என்ற ஒரே சொல். தாய்மாமனுக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே பெயர் என்றால் நம் வீடுகளில் யார் ஒப்புவார்கள்? அப்போது தெ³ கைகொடுக்கும். லா ஃப்ராதோ தெ³ மீயா பாத்ரீனோ, என் அம்மாவின் உடன்பிறந்தான். முறை தெளிவாகிவிட்டது. உங்கள் வீட்டு உறவுமுறைகள் அத்தனையையும் இப்படி விரித்து எழுதிப் பாருங்கள். 'தெ³'வுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

நம் இலக்கணம் உடைமையை நுணுக்கமாகப் பார்த்தது. ஆறாம் வேற்றுமையில் தற்கிழமை என்றும் பிறிதின்கிழமை என்றும் பிரிவு உண்டு. சாத்தனது கை என்றால் பிரிக்க முடியாத உடைமை, தற்கிழமை. சாத்தனது வீடு என்றால் பிரியக்கூடியது, பிறிதின்கிழமை. உலகில் சில மொழிகள் இந்த இரண்டுக்கும் வெவ்வேறு வடிவங்களே வைத்திருக்கின்றன. எஸ்பெராந்தோவும் தமிழும் வடிவத்தில் வேறுபடுத்துவதில்லை: மீயா மானோ என் கை, மீயா தோ³மோ என் வீடு.

## படி 6: தன் வீடா, அவன் வீடா?

ஐரோப்பியர் பலர் எஸ்பெராந்தோவில் தடுக்கி விழும் இடம் 'ஸீயா'. தமிழருக்கு இது பாட்டி வீட்டுத் தெரு. ஸீயா என்றால் 'தன்'.

லா ஃபார்மீஸ்தோ ஆமாஸ் ஸீயான் காம்போன். விவசாயி தன் வயலை நேசிக்கிறான்.
லா ஃபார்மீஸ்தோ ஆமாஸ் லீயான் காம்போன். விவசாயி அவன் வயலை, வேறொருவனுடைய வயலை, நேசிக்கிறான்.

ஆங்கிலத்தில் இந்த இரண்டையும் ஒரே சொல்லால்தான் சொல்ல வேண்டும். நமக்கோ தன், அவன் இரண்டும் கையில் இருக்கின்றன. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இரண்டு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'அவனும் தன் தம்பியும் வந்தார்கள்' என்று தமிழில் சொல்லலாம். எஸ்பெராந்தோவில் எழுவாய்க்குள்ளேயே ஸீயா வரக்கூடாது. 'லி காய் லீயா ஃப்ராதோ' என்றே சொல்ல வேண்டும். அடுத்தது, நம் 'தன்' வாக்கியம் தாண்டியும் கை நீட்டும். 'தன் வீடு இடிந்துவிட்டது என்று முருகன் சொன்னான்' என்பதில் தன் என்பது முருகனைச் சுட்டுகிறது. எஸ்பெராந்தோவின் ஸீயா அவ்வளவு தூரம் போகாது. தான் நிற்கும் உள்வாக்கியத்தின் எழுவாயைத்தான் சுட்டும். ஆகவே அங்கே லீயா.

## படி 7: 'எனக்கு இருக்கிறது' என்பதை எப்படிச் சொல்வது?

மேலே காம்போன், ஸீயான் என்று ன் ஒட்டியிருப்பதைப் பார்த்தீர்கள். அது நம் ஐ உருபு. வயல், வயலை, காம்போ, காம்போன். செயப்படுபொருள் எங்கே வந்தாலும் ன் வரும், அதைத் தழுவும் தன்மைச் சொல்லுக்கும் வரும். தமிழில் 'மாடு வாங்கினான்' என்று ஐ-யை விட்டுவிடலாம். இங்கே விட முடியாது.

இந்த ன் இப்போது அவசியம் தேவைப்படுகிறது, ஏனென்றால் 'உடையவன்' என்பதை எஸ்பெராந்தோ வினையாகச் சொல்கிறது. ஹாவாஸ் என்றால் 'கொண்டிருக்கிறேன், கொண்டிருக்கிறாய்' எல்லாம். தமிழில் இதற்கு ஒரே வடிவம் கிடையாது. எனக்கு ஒரு தங்கை என்போம், வினையே இல்லாமல். எனக்கு வீடு இருக்கிறது என்போம், நான்காம் வேற்றுமையில். என்னிடம் நூறு ரூபாய் இருக்கிறது என்போம், கையிருப்பு என்பதால். உறவு, சொத்து, கையிருப்பு என்ற மூன்று தளத்தை நாம் தனித்தனியே உணர்கிறோம். எஸ்பெராந்தோ மூன்றையும் ஒன்றாக்குகிறது:

மி ஹாவாஸ் ஃப்ராதீனோன். எனக்குச் சகோதரி உண்டு.
மி ஹாவாஸ் தோ³மோன். எனக்கு வீடு இருக்கிறது.
மி ஹாவாஸ் மோனோன். என்னிடம் பணம் இருக்கிறது.

தமிழ் அமைப்பை அப்படியே கொண்டுபோய் 'எனக்கு' என்பதற்கு 'ஆல் மி' போட்டு எஸ்தாஸோடு முடித்தால் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆனால் அது வழக்கு ஆகாது. ஹாவாஸ் வந்தால் எழுவாய் 'மி', பின்னால் ன். இதை வாய் பழகும்வரை சொல்லிக்கொண்டே இருங்கள்.

## படி 8: பலவாகும்போது

பன்மைக்கு ய். ஷ்தோனோ, ஷ்தோனோய். இதில் நமக்குக் கடினம் ஒன்று: தன்மைச் சொல்லும் கூடவே மாற வேண்டும். பெரிய கல், பெரிய கற்கள் என்று தமிழில் 'பெரிய' அசையாது. எஸ்பெராந்தோவில் க்³ராந்தா³ ஷ்தோனோ, க்³ராந்தா³ய் ஷ்தோனோய். உடைமைச் சொல்லும் அப்படியே: மீயாய் காப்ரோய், என் ஆடுகள். பன்மையும் ஐ-யும் சேர்ந்தால் ய்ன்: மி ஹாவாஸ் ப்³லான்காய்ன் காப்ரோய்ன், எனக்கு வெள்ளை ஆடுகள் இருக்கின்றன.

## படி 9: ஊரைச் சேர்ந்தவர்

நான் மிகவும் விரும்பும் ஒட்டு 'ஆன்'. ஓர் இடத்துக்கோ கூட்டத்துக்கோ உரியவர் என்று பொருள். விலாஜோ கிராமம், விலாஜானோ கிராமத்தார். ஊர்போ³ நகரம், ஊர்பா³னோ நகரத்தார். எஸ்பெராந்தோ பேசுவோர் பலர் இந்தியாவைப் பா³ராதோ என்று நம் பாரதத்திலிருந்து எடுத்து அழைக்கிறார்கள், இந்தியர் பா³ராதானோ.

குன்னத்தார் என்பதற்குக் கேட்கவே வேண்டாம்: குன்னமானோ. செந்துறைக்காரர் செந்துறையானோ. குன்னம் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தையும் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையையும் சேர்த்தது. ஆகவே இந்த இரண்டு சொற்களும் ஒரே வாக்குச்சீட்டில் சந்திப்பவர்களின் பெயர்கள். உங்கள் ஊர் எவ்வளவு சிறியதானாலும் அதன் பின்னால் ஆனோ ஒட்டும். எந்த அகராதியும் அதற்கு அனுமதி தர வேண்டியதில்லை.

## படி 10: கேட்கத் தெரிய வேண்டும்

மூன்று கேள்விச்சொல் போதும். கீயு யார், கீயா எப்படிப்பட்ட, கீயெஸ் யாருடைய.

கீயு எஸ்தாஸ் ஷி? அவள் யார்?
கீயா எஸ்தாஸ் வீயா தோ³மோ? உன் வீடு எப்படிப்பட்டது?
கீயெஸ் காப்ரோ எஸ்தாஸ் தீயோ? அது யாருடைய ஆடு?

மூன்றும் 'கி'யில் தொடங்குகின்றன. அந்த இடத்தில் 'தி' போட்டால் சுட்டுச்சொல்: தீயு அந்த, தீயா அப்படிப்பட்ட, தீயெஸ் அவருடைய. மேலே வந்த தீயோவும் இந்த வகைதான், 'அது' என்று பொருள். எ-வில் கேள்வியும் அ-வில் சுட்டும் வைத்து எவன், அவன், எப்படி, அப்படி என்று பேசும் நமக்கு இந்த ஏற்பாடு வீட்டிலேயே இருப்பதுதான்.

## இப்போது எழுதிப் பாருங்கள்

இதுவரை வந்தவற்றை வைத்து ஒரு குன்னமானோ தன்னைப் பற்றி இப்படி எழுதலாம். புதிதாகச் சில சொற்கள் மட்டும்: லோஜாஸ் வசிக்கிறேன், ஊனு ஒன்று, தூ³ இரண்டு, 'என்' என்றால் 'இல்' என்னும் உருபு. தமிழ் 'என்'னோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மி எஸ்தாஸ் குன்னமானோ. மி லோஜாஸ் என் மால்க்³ராந்தா³ தோ³மோ. மி ஹாவாஸ் பாத்ரோன், பாத்ரீனோன் காய் ஊனு ஃப்ராதீனோன். மீயா பாத்ரோ எஸ்தாஸ் ஃபார்மீஸ்தோ. லி ஹாவாஸ் தூ³ காம்போய்ன். இலீயா தேரோ எஸ்தாஸ் நீக்³ரா. லி ஆமாஸ் ஸீயாய்ன் போ³வீனோய்ன். லா ஃப்ராதோ தெ³ மீயா பாத்ரீனோ எஸ்தாஸ் குத்³ரீஸ்தோ. என் நீயா விலாஜோ எஸ்தாஸ் மால்நோவாய் ஷ்தோனோய். ஈலி நெ எஸ்தாஸ் ஓவோய்.

முதலில் தமிழாக்காமல் படியுங்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு சொல்லை மட்டும் மாற்றி உங்கள் வீட்டுக்கு ஏற்றதாக்குங்கள்: விவசாயி இல்லையென்றால் தொழிலை, கரிசல் இல்லையென்றால் நிறத்தை. செம்மண்காரர் ரூஜா என்று போட வேண்டும். 'இலீயா தேரோ' என்பதில் ஏன் இலீயா, 'ஸீயாய்ன் போ³வீனோய்ன்' என்பதில் ஏன் ஸீயா என்று காரணம் சொல்ல முடிந்தால் ஐந்தாம் படியும் ஆறாம் படியும் உங்களுக்கு வந்துவிட்டன.

அடுத்த கட்டமாக ரோமன் எழுத்தில் இதே பத்தியை எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். 2002 முதல் நடந்துவரும் லெர்னு என்ற இலவச இணையதளத்தில் பாடங்களும் அகராதியும் இருக்கின்றன. அங்கே நீங்கள் எழுதும் முதல் பத்தி உங்கள் வீட்டைப் பற்றியதாகவே இருக்கட்டும். தொலைதேசத்து வாசகர் ஒருவர் 'கீயா எஸ்தாஸ் குன்னம்?' என்று திருப்பிக் கேட்டால், பதிலுக்கு வேண்டிய சொற்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன.